எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்

சாம்சனுக்கு முதல்முறை பயம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. கிரேன் கேபினில் எதிரே கடிகாரம் மாட்டியிருந்ததால் நேரம் அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். பயப்படுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் பதினோரு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவன். கூரையை ஒட்டிய அந்தக் கேபினில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான், ஒருமுறை தூங்கியும் இருக்கிறான். அன்றைக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் மரத்தன, இன்னும் கொஞ்ச நேரத்தில் சாகப்போகிறோம் என்று தெரிந்தது. இருபது நிமிஷம் காத்திருந்தான். சாகவில்லை. மீதி வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த வாரம் மூன்று தடவை வந்தது. ஈ.எஸ்.ஐ. டாக்டர் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். பிறகு எக்கோ, சர்க்கரை, தைராய்டு. எல்லாம் நார்மல் என்று ஒவ்வொருவரும் நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னார்கள். கேட்கக் கேட்க அவனுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. ஏதாவது ஒரு கோளாறு இருந்தால் அதற்கு ஒரு மாத்திரையாவது இருக்கும்.

அவன் மனைவி ஷைனி பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தாள். கோணல் மூடி அவள் கண்ணுக்குத் தப்பாது. அவனை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போனாள். பாஸ்டர் தலையில் கை வைத்தார். அன்றைக்கு நன்றாக இருந்தது. மறுநாள் பழையபடி.

கிரேனுக்குக் கீழே தரையில் நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கை காட்டுகிற சிக்னல்மேன் அன்புராஜ்தான் ஒரு பீடியைக் கொடுத்தான். இவனைவிட ஐந்து வயது சின்னவன், ஒரே பேட்டைக்காரன். அது மருந்து இல்லை, வெறும் இலை, மூலிகை மாதிரி என்று சொன்னான். சாம்சன் வாழ்க்கையில் சிகரெட்கூடப் பிடித்தவன் இல்லை. மூலிகை என்றதால் பிடித்தான்.

வேலை செய்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் பயம் எட்டிப் பார்க்கவில்லை. தட்டு நிறையச் சாப்பிட்டான். மகள் சோனியா சொன்ன சுமாரான ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தான். ஷைனி ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, ஜெபத்தால் தன் புருஷன் குணமானதைச் சாட்சி சொன்னாள். சாம்சன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னான்.

வேலை முடிந்ததும் ஒன்று என்று இருந்தது, வேலைக்கு முன்னால் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று ஆனது. அப்புறம் பயம் திரும்பி வந்தது. முன்பு கேபினில் மட்டும் வந்தது, இப்போது பஸ்ஸில், பாத்ரூமில், வாயில் இட்லியை வைக்கும்போதுகூட வந்தது. அதிகம் பிடித்தால் அடங்கும் என்று அதிகம் பிடித்தான். அதிகம் பிடித்த நாளில் அதிகம் பயந்தான்.

ஜனவரியில் ஒரு காலை, நாலு டன் இரும்புக் கட்டைகள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோது அன்புராஜ் நிறுத்து என்று கை காட்டினான். சாம்சன் நிறுத்தினான். அதன்பிறகு இறக்கு என்று காட்டினான். சாம்சனால் முடியவில்லை. லீவரைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. கீழே கத்தினார்கள், விசில் ஊதினார்கள். ஃபோர்மேன் துளசிராமன் எல்லாரையும் தூர விலக்கிவிட்டு, மூட்டு வலியோடு ஏணி ஏறி வந்தார்.

"கைய எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியல சார்."

"சரி. அப்ப நான் இங்கயே குந்திக்கறேன்."

கேபின் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. தன் மூட்டு வலிக்கு ஆர்.கே.பேட்டையில் யாரோ எண்ணெய் தருகிறார் என்றும், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றும் விவரமாகச் சொன்னார். நாற்பதாவது நிமிஷத்தில் சாம்சனின் விரல்கள் தாமாகப் பிரிந்தன. அவரே லோடை இறக்கினார்.

விபத்து அறிக்கைப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் இருதயம், வலிப்பு, சர்க்கரை, மயக்கம் என்று கட்டங்கள் இருந்தன. துளசிராமன் மயக்கம் என்று போட்டுவிடலாம் என்றார். மேனேஜரும் பேனாவை எடுத்துவிட்டார். தன்னால் ஒரு ஆள் நசுங்கியிருப்பான் என்று சாம்சனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"மயக்கம் இல்ல சார். பயம்," என்றான். "அதுக்குக் கஞ்சா அடிச்சேன். இப்ப ரெண்டுமே இருக்குது."

மேனேஜர் கட்டங்களை இன்னொரு தடவை பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். சாம்சன் அதைச் சொல்லவில்லை. வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, துளசிராமன் மேனேஜர் அறைக்குள் போய் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் ஆறு வாரம் சஸ்பென்ஷன், அரசு மனநல டாக்டரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்று முடிவானது.

டாக்டர் இருந்தது திருவள்ளூரில். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை சென்னைக்குப் போய், வண்டி மாறி, மறுபடி வெளியே வர வேண்டும். ஷைனி லீவு போட்டுக் கூட வந்தாள்.

டாக்டர் நர்மதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இலை சமாச்சாரம் வந்தபோது ஷைனி தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஞ்சாவில் இருப்பதற்கு உறவு முறையான ஒரு பொருளை மூளை தானே தயாரிக்கிறது என்றார் டாக்டர். அதற்கு ஆனந்தமைடு என்று பெயர், நம் ஆனந்தத்திலிருந்து வைத்ததுதான். பயம் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்புகிற சேதி. சேதி அளவு மீறும்போது வாங்குகிற செல் இந்தப் பொருளைத் தயாரித்து, அனுப்புகிற செல்லுக்கே திருப்பி அனுப்பும். போதும், நிறுத்து என்று அர்த்தம்.

"சிக்னல்மேன் மாதிரி," என்றான் சாம்சன்.

டாக்டருக்கு அது தெரியவில்லை. அவன் விளக்கினான். மேலே இருப்பவன் இறக்குவான், கீழே இருப்பவன் கை காட்டுவான், கை காட்டினால் நிறுத்த வேண்டும். டாக்டர் அதையே பிடித்துக்கொண்டார். வெளியிலிருந்து புகை போட்டால், சம்பந்தமில்லாத நூறு பேர் ஷெட் முழுக்க நின்று கை காட்டுகிற மாதிரி. முதலில் எல்லாம் நிற்கும், நிம்மதியாக இருக்கும். தினமும் காட்டினால் மேலே இருப்பவன் கைகளைப் பார்ப்பதையே விட்டுவிடுவான். அப்புறம் உண்மையான ஆள் காட்டினாலும் தெரியாது. செரட்டோனின் என்று இன்னொன்று இருக்கிறது, மனசைச் சமமாக வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இந்த இலை கொஞ்சமாக இருந்தால் அதைத் தூக்கிவிடுகிறது, அளவு மீறினால் இறக்கிவிடுகிறது என்று எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் இன்னும் முழுசாகத் தெரியாது.

"பயம் உங்களுக்கு மொதல்லயே இருந்த நோய்," என்றார் டாக்டர். "நீங்க அதுக்கு வைத்தியம் பாத்தீங்க. வைத்தியம் தப்பு, நோய் பொய் இல்ல."

பத்து மாதத்தில் அதை நோய் என்று சொன்ன முதல் ஆள் அவர். சாம்சனுக்கு அழுகை வந்தது. டாக்டர் சீட்டு எழுதினார். செரட்டோனினுக்கான மாத்திரை, முதல் இரண்டு வாரம் பயம் கூடுகிற மாதிரி இருக்கும், நிறுத்தக் கூடாது. தினமும் வேர்க்க வேர்க்க ஓட வேண்டும், ஓடினால் உடம்பு அந்த ஆனந்தப் பொருளைச் சொந்தமாக விடும்.

திரும்பும்போது, ரயில் திருநின்றவூரைத் தாண்டியதும் ஷைனி சொன்னாள்:

"சாட்சி சொன்னத வாபஸ் வாங்க முடியுமான்னு பாஸ்டர கேக்கணும்."

"கேளு," என்றான்.

"வாணாம். குணமாவட்டும். அப்பறம் புதுசா சொல்லிக்கலாம்."

முதல் இரண்டு வாரம் டாக்டர் சொன்னபடியே மோசமாக இருந்தது. தூக்கமில்லை, எரிச்சல், தலையணை நனைகிற வேர்வை. சாப்பாட்டில் உப்பில்லை என்று சோனியாவிடம் கத்திவிட்டு, உப்பு இருப்பதைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டான். ஏரிக்கரையில் ஓடினான். நாய்கள் துரத்தியதால் டாக்டர் சொன்னதைவிட வேகமாகவே ஓடினான். ஐந்தாவது வாரம் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய் இறங்கிய பிறகுதான், வழியில் நாடி பிடித்துப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான் நடந்தது. அது ஷைனிக்குப் போன் பண்ணிச் சொல்லுமளவுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சான்றிதழைப் பார்த்த கம்பெனி ஒரு மாதம் அவனை ஸ்டோரில் வைத்திருந்தது. பிறகு கிரேனில் ஏற்றியது. முதல் நாள், முதல் லோடு. கீழே அன்புராஜ் கை காட்டினான். கை ஒரு நொடி தாமதமாக வந்தது. சாம்சன் லோடைத் தரையில் வைத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஏணியில் இறங்கினான்.

அன்புராஜின் கண்கள் சிவந்திருந்தன.

"நீ கை காட்னா நான் நம்பணும்," என்றான் சாம்சன். "இன்னிக்கு முடியல."

"போட்டுக் குடுக்கப் போறியாணே?"

"அப்பவே சொல்லல, இப்பவா சொல்லப் போறேன்? வியாழக்கிழமை எனக்கு மாத்திரை வாங்கற நாளு. நீயும் வா."

அன்புராஜ் தனக்கு ஒன்றுமில்லை என்றான். சாம்சன் துளசிராமனிடம் போய் வேறு சிக்னல்மேன் வேண்டும், அவர் தராவிட்டால் ஏற மாட்டேன் என்றான். அவர் இவன் முகத்தையும் தூரத்தில் நின்ற அன்புராஜையும் பார்த்தார். காரணம் கேட்காமல் அன்புராஜைக் கம்பி எண்ணுகிற வேலைக்கு மாற்றினார். அன்புராஜ் மூன்று வாரம் சாம்சனோடு பேசவில்லை. அந்த வியாழக்கிழமை வரவில்லை.

அடுத்த மாதம் வந்தான். காலை வண்டிக்குக் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி நின்றிருந்தான். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது, உள்ளே ஊசி போடுவார்களா என்று மட்டும் கேட்டான். போடமாட்டார்கள் என்றான் சாம்சன்.

டாக்டர் அறைக்குள் அரை மணி நேரம் இருந்தான். வெளியே வந்து பெஞ்சில் சாம்சன் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் சீட்டு இருந்தது.

"எனக்கு ஸ்கூல் படிக்கறப்பவே இந்தப் பயம் இருந்துகினு இருந்துச்சாம்ணே," என்றான். "பேருதான் தெரியாம இருந்திருக்கேன்."

சாம்சன் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தான். தன்னுடைய மாத்திரைதான், பாதி அளவு. மருந்து கொடுக்கிற வரிசை நீளமாக இருந்தது. இரண்டு பேரும் எழுந்து போய் அதன் கடைசியில் நின்றார்கள்.