பெரியப்பாவின் குரலில் பதினான்கு நேர்காணல்கள்

பட்டம் வாங்கிய மறுநாள் காலை, தபால்காரரின் மகள் பல் தேய்த்துவிட்டு வந்து வாயைத் திறந்தபோது அவளுடைய பெரியப்பாவின் குரல் வந்தது. கட்டைக் குரல், நடுவில் இரண்டு செருமலுடன். முந்தின நாள் மாலை வந்திருந்த பெரியப்பா, எந்த வேலைக்குப் போகவேண்டும், அங்கே எப்படிப் பேசவேண்டும் என்று மூன்று மணி நேரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மருத்துவர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, வீக்கம் ஒன்றும் இல்லை என்று இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே அத்தையும் வந்து தன் பங்குக்குச் சொன்னாள். அவள் குரலும் சேர்ந்துகொண்டது.

தபால்காரரின் மகள் மின்பொறியியலில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். ஆனால் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் போதும், "கவர்மென்ட் வேலைதான் வேலை, மத்ததெல்லாம் சும்மா" என்று பெரியப்பா செருமுவார். "உங்க கம்பெனி நாலு வருஷம் தாங்குமா?" என்று அத்தை கேட்டுவிடுவாள். பதினோரு மாதத்தில் பதினான்கு நேர்காணல்கள் இப்படியே போயின. கடைசியில் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் சீட்டில் எழுதிக் காட்டினாள். அம்மா சீட்டைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள்.

பதினைந்தாவது, லிஃப்ட் பொருத்தும் கம்பெனி ஒன்றில், ஆறாம் மாடியில். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அவர்களுடைய லிஃப்டே நின்று, விளக்கும் அணைந்தது. உள்ளே அவளும், அவளைக் கேள்வி கேட்க இருந்த மேலாளர் அம்மாளும் மட்டும். மேலாளர் மூச்சு இரைக்க, இரண்டு கையாலும் கதவை அடித்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் என்ன பேசவேண்டும் என்று இவளுக்கு அதுவரை யாரும் அறிவுரை சொல்லியிருக்கவில்லை. ஆகவே அவளுடைய குரலே வந்தது.

"பயப்படாதீங்க மேடம், இது கீழ விழாது. கயிறு ஒண்ணு இல்ல, ஆறு இருக்கு. ஆறும் அறுந்தாக்கூட ரெண்டு பக்கமும் இருக்கற தண்டவாளத்தை பிரேக் கவ்விப் பிடிச்சிடும். காத்து வர மேல வழி இருக்கு. மெதுவா மூச்சு விடுங்க."

நாற்பது நிமிடம், ஆட்கள் வரும்வரை, லிஃப்டின் ஒவ்வொரு உறுப்பாக விளக்கிக்கொண்டே இருந்தாள். கதவு திறந்ததும் மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள்.

"யாரு பேசறது?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா. வேலை கிடைச்சிடுச்சு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"வேலை கெடக்கட்டும்டி," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் பேசு."

இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு அவள் பேசிக்கொண்டிருந்தாள்.