பிறந்த வீட்டுக் கோடி

அக்கா இருசம்மாளின் சாவுக்குப் பொன்னுரங்கம் சின்னசேலத்திலிருந்து கோடிப் புடவையோடு நைனார்பாளையம் வந்து இறங்கியபோது, பிணத்தைக் குளிப்பாட்டியே முடித்திருந்தார்கள். அங்கேயே அவருக்குச் சுருக்கென்றது.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டார் வந்து முகம் பார்த்துக் கோடி போர்த்தினால்தான் பாடையில் ஏற்றலாம். அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. எழுபத்து நாலு வயதுக் கிழவியானாலும் முறை முறைதான். இதெல்லாம் அக்காவின் மகன் ராஜாங்கத்துக்குத் தெரியாதாம். ஐம்பது வயதுக்காரனுக்கு!

"எங்க சனம் வர்றதுக்கு முன்ன யாருய்யா தண்ணி ஊத்தச் சொன்னது?"

"வெயிலு ஜாஸ்தியா இருக்குது மாமா, தாங்காதுனுதான்," என்றான் ராஜாங்கம், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "காலைல காபி குடுக்கப் போனா, கட்டில்லயே போயிருந்துச்சு. மாரடைப்பு."

எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டதுதான் தாமதம், அவன் பெண்டாட்டி நிர்மலா குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மாமியாருக்கு ஒரு வாய் சோறு போட மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட புண்ணியவதி அவள்.

பொன்னுரங்கம் பிணத்தைக் கிடத்தியிருந்த பெஞ்சருகே உட்கார்ந்து அக்காவின் தலையைத் தடவினார். பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அவள் கையை எடுத்துப் பார்த்தார். நகக்கண்களில் பச்சையாகப் பாசி. கட்டிலில் படுத்தபடி செத்தவளுக்குப் பாசி எங்கிருந்து வரும்?

கோடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"பாடை கட்டாதீங்க. நான் போத்தப் போறதில்ல."

மேளம் நின்றது. ராஜாங்கம் அவர் கையைப் பிடித்து மாட்டுக்கொட்டகைக்கு இழுத்துப் போனான்.

"மானத்த வாங்காதீங்க மாமா. அம்மா விடியக்காலைல கெணத்துல உழுந்துடுச்சு. நாங்கதான் தூக்கியாந்து போட்டோம்."

"உழுந்துச்சா, தள்ளுனீங்களா?"

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொல்லல. ஒங்க வாயிலயே இப்பிடி வருதுன்னா ஊரு இன்னா பேசும்? போலீஸு வரும். கள்ளக்குறிச்சிக்கு எடுத்துகினு போயி அறுப்பாங்க."

"அறுக்கட்டும். எங்க அக்கா எப்பிடிச் செத்துச்சுனு எனக்குத் தெரியணும்." போனைக் கையில் எடுத்தார். "விடியறதுக்கு முன்ன கெணத்துகிட்ட அதுக்கு இன்னா வேல?"

ராஜாங்கம் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்துப் போட்டான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உள்ளே இரண்டு புடவை, பிரஷர் மாத்திரை அட்டை.

"மொத பஸ்ஸ புடிக்கக் குறுக்கால போயிருக்குது. கெணத்துக்குச் சுவரு கெடையாது, ஒங்களுக்கே தெரியும். ஒங்க வூட்டுக்குத்தான் மாமா பொறப்பட்டுச்சு. வெள்ளிக்கிழம வந்து கூட்டிகினு போறேன்னு சொன்னீங்களாமே. நாலு நாளா ரோட்டையே பாத்துகினு இருந்துச்சு."

சொன்னது வாஸ்தவம்தான். அக்கா போனில் அழுதபோது வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். 'எங்க படுக்க வெப்பீங்க அவங்கள?' என்று வீட்டில் பெண்டாட்டி பெரியம்மாள் ஒரே கேள்வியில் அவரை மடக்கிவிட்டாள். அப்புறம் அக்கா கூப்பிட்டபோதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்தார். நேற்று மட்டும் ஆறு முறை.

பையை இவனே நனைத்து வைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமைக் கதையை அக்கா சொல்லக் கேட்டு, இப்போது தோதாக எடுத்து விடலாம். அந்த வீக்கம் விழுந்ததால் வந்ததா, அடித்ததால் வந்ததா என்பது அறுத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் போலீஸ் வந்தால் இவனை மட்டுமா கேட்கும்? ஏன் போகவில்லை, ஏன் போனை எடுக்கவில்லை என்று ஊர் நடுவில் நிற்கவைத்து அவரையும் கேட்கும். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"மாரடைப்புனே இருக்கட்டும்," என்றார்.

வெளியே வந்து கோடியை உதறி, அக்காவின் மேல் போர்த்தி, பச்சை நகங்கள் தெரியாதபடி இரண்டு பக்கமும் இழுத்துச் செருகினார். நிர்மலாவின் அழுகை சட்டென்று நின்றது. அதையும் அவர் கவனித்தார்.

"எடுங்க," என்றார்.

மேளம் தொடங்கியது. பிறந்த வீட்டுக்காரரே பார்த்துச் சரியென்று சொன்ன சாவு. இனி யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.