நாளைக்கு பஸ் ஓடாது

ஆரணியில் அந்த நெசவுத் தெருக்காரர்களுக்கு மணி கேட்கவும் சேதி கேட்கவும் சுப்பராயலு வீடுதான். காலையில் தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். அதுவரை அவர் தலைக்கு மேலே ரேடியோ பேசிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வருமா, பந்த் உண்டா இல்லையா என்று ஜன்னலருகே நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தறியில் ஓடும் நாடாவை நிறுத்தாமலே பதில் சொல்வார். இருபது வருடமாக அவர் சொன்னது தப்பியதில்லை.

2008 ஆடியில் அந்த ரேடியோ கரகரவென்று இரைந்து ஒரேயடியாக அடங்கிவிட்டது. பழுது பார்ப்பவன் கையை விரித்தான்.

மகன் சதீஷ் எம்.எஸ்சி. படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அவன் மனைவி சுகன்யா மஞ்சள் காமாலையில் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்வான். பதில் முடிந்ததும் எழுந்து போய்விடுவான். வீட்டில் மற்றவர்களும் மெல்ல மெல்ல அவனிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

ரேடியோ இல்லாமல் அப்பா தவிப்பதைப் பார்த்து, கட்டைவிரல் பருமனில் ஒரு எம்பி3 பிளேயரையும் சின்ன ஸ்பீக்கரையும் கொண்டுவந்து தறிமேல் கட்டினான்.

"இது பாட்காஸ்ட்டு நைனா. நெட்லேர்ந்து இறக்கிப் போட்டிருக்கேன். துபாய்ல வேலை செய்யற ரெண்டு பேரு நம்மூர் சேதியெல்லாம் பேசுவாங்க. ரேடியோ மாதிரிதான்."

"எத்தினி மணிக்குப் போடுவான்?"

"எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

"ராவும் பகலுமா பேசிகினே இருப்பானா? அவன் தொண்டை இன்னாத்துக்கு ஆவும்?"

"இந்தப் பட்டனை அமுக்கு. அடுத்தது வேணும்னா இது."

அவ்வளவுதான் சொன்னான். அந்த நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து வந்த அறுபது பகுதிகளையும் மொத்தமாக ஏற்றியிருந்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

சுப்பராயலுவுக்கு அந்த இரண்டு குரல்களும் பிடித்துப்போயின. விளம்பரம் கிடையாது. கரண்ட் போனாலும் நிற்காது. பட்டனை அவர் தோன்றியபடியெல்லாம் அமுக்கினார்.

மகள் ஸ்வர்ணலதா டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாக வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று இடத்தில் கிடைக்காமல், நாலாவதாக செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. இதுவும் போனால் வருகிற வரனுக்குச் சரியென்று சொல்லிவிடுவதாக அவளே ஒத்துக்கொண்டிருந்தாள்.

முந்தைய நாள் சாயங்காலம் தெரு முழுக்க கரண்ட் இல்லை. டிவியெல்லாம் கண்மூடிக் கிடந்தது. ஸ்பீக்கர் மட்டும் பேசியது. 'நாளை திங்கட்கிழமை தமிழ்நாடு முழுக்க பந்த், பேருந்துகள் ஓடாது' என்றது.

எதிர்வீட்டுக் கமலம் ஜன்னலுக்கு வந்தாள். "கரண்ட் எப்ப வரும்ணா?"

"கரண்ட் கெடக்கட்டும். நாளைக்கு பஸ்ஸே ஓடாதாம்."

"அய்ய, நான் தேவிகாபுரம் போவணுமே."

"போன வருசமும் இதே நேரத்துக்கு ஒண்ணு வச்சானுங்க. வருசா வருசம் இதே பேஜாரு."

ஸ்வர்ணலதா முற்றத்திலிருந்து எழுந்து வந்தாள். "அப்ப என் இன்டர்வியூ?"

"பஸ் இல்லாதப்ப எவன் வருவான்? அவங்களே தள்ளி வெப்பாங்க."

அவள் நம்பாமல் அதே இடத்தை மறுபடி போட்டுக் கேட்டாள். இரண்டாம் தடவையும் பேருந்துகள் ஓடாது என்றுதான் சொன்னார்கள்.

சதீஷ் பத்து மணிக்கு வந்தான், தட்டில் இருந்ததைச் சாப்பிட்டான், படுத்தான். அவனைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. காலை ஆறு மணிக்கு அவன் கடை திறக்கப் போய்விட்டான்.

தங்கை ஏழு மணிக்கு வந்து பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு ஏழரை பஸ்ஸைப் பிடிப்பதாகப் பேச்சு. சதீஷ் அதைப் பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டு வைத்தான். ஏழரை ஆயிற்று. செய்யாறு பஸ் விசிலடித்துக் கிளம்பி, கண்ணெதிரே தெருமுனை திரும்பிப் போயிற்று. அவள் வரவில்லை. கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

வீட்டில் ஸ்வர்ணலதா ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை.

"ஏன் வரல?"

"இன்னிக்குத்தான் பஸ் இல்லியே."

"இப்பத்தான் போச்சு. யார் சொன்னது?"

அவள் ஸ்பீக்கரைக் காட்டினாள். சதீஷ் பிளேயரைக் கழற்றி அந்தச் சின்னத் திரையைப் பார்த்தான். பதினாலாம் பகுதி.

"நைனா, இது போன வருசத்துது."

நாடா நின்றது. "நாளைக்குன்னு சொன்னானேடா."

"அந்த நாளைக்கு போன வருசமே வந்து போயிடுச்சு."

அந்தத் திங்கட்கிழமை அவனுக்கு நினைவிருந்தது. பஸ் ஓடாததால் அவனும் சுகன்யாவும் நாளெல்லாம் வீட்டில் இருந்தார்கள்.

"ரேடியோ மாதிரின்னு நீதானே சொன்ன?" சுப்பராயலு குழிக்குள்ளிருந்தே மகனை நிமிர்ந்து பார்த்தார். "இது பழசு, இது புதுசுன்னு எனக்கு எப்பிடிடா தெரியும்?"

"நான்தான் சொல்லல நைனா" என்றான் சதீஷ்.

ஸ்வர்ணலதா அதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். ஐந்து நிமிடத்தில் சுடிதாரும் ஈரத் தலையுமாக வந்து பைக்கில் ஏறினாள். கமலம் வாசலில் நின்று பார்த்தாள்.

"எங்கடி போற, பஸ் இல்லாத நாள்ல?"

"எல்லாம் ஓடுதுக்கா. நீயும் ஜல்தி கெளம்பு."

ஊர் எல்லை தாண்டியதும் அவள் அவன் காதருகே குனிந்தாள். "இப்பவாவது ஒழுங்கா சொல்லு. அது இன்னாதான்?"

அவன் சொன்னான். யாரோ தங்கள் வீட்டில் பேசிப் பதிவு செய்து நெட்டில் வைக்கிறார்கள். வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. வாரப் பத்திரிகைக்குச் சந்தா சொல்லிவைப்பதுபோல ஒருமுறை சொல்லிவைத்தால், புதிது வந்ததும் அதுவே கம்ப்யூட்டரில் வந்து இறங்கும். அங்கிருந்து பிளேயரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பாதியில் நிறுத்தலாம், திரும்பவும் கேட்கலாம். பழையதும் அழியாமல் அங்கேயே இருக்கும்.

"அப்ப அது ரேடியோ இல்லண்ணா. லெட்டரு. எழுதின தேதியப் பாத்துட்டுத்தான் படிக்கணும்."

சதீஷ் கொஞ்ச தூரம் யோசித்தான். "ஆமா."

"நீ இவ்ளோ பேசி எத்தினி நாளாச்சு தெரியுமா?"

அவன் வண்டியை இன்னும் முறுக்கினான்.

கம்பெனி வாசலை அடைந்தபோது ஒன்பது பதினைந்து. வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டிருந்தான். ஸ்வர்ணலதா அவனிடம் கவரை வாங்கிக்கொண்டு, கம்பி வழியாக இன்டர்வியூ கடிதத்தை நீட்டி ஏதோ பேசினாள். அவன் உள்ளே போனான், வந்தான், கேட்டை ஓராள் அளவுக்குத் திறந்தான். சதீஷ் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். கம்பெனி பஸ் ஒன்று வந்து ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. இரண்டு டீ ஆயிற்று.

பன்னிரண்டு மணிக்கு அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"லேட்டுக்கு இன்னா சொன்ன?"

"நடந்ததைத்தான் சொன்னேன். கூட இருந்தவங்கல்லாம் சிரிச்சிட்டாங்க. கேள்வி கேட்ட சார் மட்டும் சிரிக்கல. பாட்காஸ்ட்டுன்னா இன்னாம்மான்னாரு."

"நீ?"

"லெட்டரு மாதிரி சார், தேதி பாத்துக் கேக்கணும், எங்க வூட்ல பாக்கலன்னேன். அதுக்கு அவரு, இங்க வேலையே அதான், ஒவ்வொரு பெட்டி மேலயும் தேதி பாக்கறது, நீ பாப்பியான்னாரு."

"இன்னா சொன்ன?"

"இனிமே சாவற வரைக்கும் பாப்பேன் சார்னேன்." பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணாந் தேதிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்கண்ணா. ரெண்டாவது ஷிப்ட்டு."

அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மீதியிருந்த ஆறிய டீயை அவள் குடித்தாள். சதீஷ் கடைக்காரரைப் பார்த்து இன்னும் இரண்டு டீ சொன்னான்.