கட் சொன்ன பிறகு ஓடிய கேமரா

1
இந்தக் கதை எனக்கு ஒரு மெமரி கார்டில் கிடைத்தது. பழனிசெட்டிபட்டியில் கேமராவும் கிம்பலும் வாடகைக்கு விடுகிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். கல்லூரியில் குறும்படம் எடுக்கும் இத்ரீஸ், திருப்பித் தந்த கேமராவுக்குள் கார்டை மறந்துவிட்டான். போட்டுப் பார்த்தேன். அது நியாயமா என்று கேட்காதீர்கள். நீங்களும் அதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்?

2
நான் எழுதிய தொடக்கம்: "திராட்சைப் பந்தலுக்கடியில் பனி மெல்லப் படர்ந்து..."

தூ. அங்கே படர்வது பூச்சிமருந்து நெடி.

இத்ரீஸின் சினிமாவும் இதே லட்சணம்தான். கேமராவை ஆடாமல் பிடிக்கும் அந்தக் கிம்பலை வாடகைக்கு வாங்கும்போதே கேட்டான்: "அண்ணே, இதுல எடுத்தா சினிமா மாதிரி வந்துருமா?" நல்ல கத்தி வாங்கினால் பிரியாணி தானாக வெந்துவிடுமா?

3
கதாநாயகி அனுமந்தன்பட்டி பாண்டீஸ்வரி. ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து அம்மா செத்த செய்தியைப் போனில் கேட்கும் மகள் வேடம். அவள் கண்களில்... (விடுங்கள். அவள் கண்ணை நான் பார்க்கவே இல்லை.)

ஏனென்றால், கேமராக்காரன் வேல்பாண்டி முன்கூட்டியே ரெக்கார்டை ஓடவிட்டு, கிம்பலோடு இத்ரீஸ் கையில் கொடுத்திருக்கிறான். அது தெரியாத இத்ரீஸ் "ஆக்‌ஷன்!" என்று பட்டனை அமுக்கினான், நின்றது. "கட்!" என்று அமுக்கினான்; ஓடியது. நாள் முழுக்க இதே கூத்து.*

நடித்ததில் ஒரு நொடிகூட இல்லை. கட் சொன்ன பிறகு நடந்தது மட்டும் இருக்கிறது: மண், செருப்புக் கால்கள், குரல்கள்.

"ஆத்தா... என்னா இப்படி அழ வச்சுட்ட!" இது வேல்பாண்டி.

"ஏலே, எனக்குக் கையே நடுங்கிருச்சு. கிம்பல் இல்லேன்னா ஷாட்டே போயிருக்கும்." இது இத்ரீஸ்.

*(ரெக்கார்டு ஓடும்போது எரியும் சிவப்புப் புள்ளியைப் பார்க்கவில்லையா? இரண்டு மேதைகளும் கேமரா ஆடுகிறதா என்றுதான் பார்த்தார்கள். ஆடவில்லை. ஓடவும் இல்லை.)

4
இன்று காலை பாண்டீஸ்வரி கிம்பல் சார்ஜரோடு கடைக்கு வந்தாள். இத்ரீஸ்தான் அனுப்பியிருக்கிறான். அந்தத் துரைக்கு நேரில் வர வெட்கம்.

"படம் என்னம்மா ஆச்சு?"

"விட்டுட்டாகண்ணே. என் நடிப்பு சரியில்லைன்னு இத்ரீஸ் அண்ணன் சொன்னாக. மதுரையில நாடகக் குழுவுக்கு ஆள் எடுக்குறாக. நாளைக்குப் போகணும். இனி எதுக்குன்னு இருக்கு." சார்ஜரின் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "நான் நல்லாத்தான் செஞ்சேன்னு நெனச்சேன். நெசமாவே அவ்வளவு மோசமாண்ணே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் முட்டாள்தனத்தை மறைக்க இந்தப் பிள்ளை தலையில் பழியைப் போட்டிருக்கிறான், படுபாவி.

5
முடிவு: இத்ரீஸ் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்கிறான். (எழுதி, அடித்துவிட்டேன். சார்ஜரைத் தரவே அவளை அனுப்பியவன் அவன்.)

வேறு முடிவு: பாண்டீஸ்வரி பெரிய நடிகையாகி... (போங்கய்யா.)

கார்டைச் செருகிவிட்டேன். திரையில் மண்ணும் செருப்புக் கால்களும். "கட்!" என்கிறது இத்ரீஸின் குரல். பாண்டீஸ்வரி ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். திரையில் வேல்பாண்டி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

நாளைக்கு மதுரை பஸ் ஏறுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள். வாயை மூடிக்கொண்டு.