திருமதி பெம்பர்ட்டன் இறந்த தேதி

1841 மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் திருமதி அரபெல்லா பெம்பர்ட்டன் இறந்துபோனார். எட்டு மணிக்கு எழுந்து காப்பி கேட்டார். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் அவருடைய அடிமை கெசையா செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்து முடித்திருந்தாள். கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டி, உடம்பைக் கழுவி, சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி, நிலைக்கண்ணாடிக்குத் துணி போர்த்தினாள். பிறகு கொல்லைப்புறம் வந்து ஓஹையோ ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். அக்கரையில், அடிமைமுறை இல்லாத ஓஹையோ மாநிலத்தில், புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்தன. முப்பத்தெட்டு வயதில் முதல்தடவையாக அந்தப் புகையை அவள் சொந்தக்காரி மாதிரி பார்த்தாள். அப்போதுதான் மாடியிலிருந்து, தாடைக்கட்டு அவிழாத வாயால், காப்பி எங்கே என்று குரல் வந்தது.

கெசையாவுக்கு அந்தச் சாவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கென்டக்கிக் கரையிலிருந்த மெர்சர்ஸ் துறை ஊருக்கே தெரியும். தான் இறந்த நாள் முதல் கெசையா சுதந்திரமானவள் என்று திருமதி பெம்பர்ட்டன் உயில் எழுதி, அதைத் தேவாலயத்தில் எல்லோர் முன்னிலும் படிக்க வைத்திருந்தார். பாதிரியார் கண்ணீர் விட்டார். சீமாட்டிகள் கையைப் பிடித்துக் கொண்டாடினார்கள். கைப்பொருள் எதுவும் கரையாமல் இத்தனை புகழ் கிடைப்பது அந்த ஊரில் அபூர்வம். உயிரோடு இருக்கும்போதே விட்டுவிடலாமே என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் மரியாதை கெட்டுப்போயிருக்கவில்லை.

டாக்டர் ஓட்லி வந்து நாடி பார்த்தார். நாடி இல்லை. மூக்கருகே கண்ணாடி பிடித்தார். ஆவி படியவில்லை. "அம்மா, நீங்க தவறிட்டீங்க போல இருக்கே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "யாரைப் பார்த்து என்ன பேசுறீங்க, ஓட்லி?" என்றார் திருமதி பெம்பர்ட்டன். டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சாவை நேரில் பார்த்த ஒரே ஆள் கெசையா. ஆனால் கென்டக்கியில் கறுப்பர் ஒருவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் அது செல்லாது. சாவும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். எசமானி தான் சாகவில்லை என்கிறார், அவர் செத்துவிட்டார் என்று அடிமை சொல்கிறாள் என்றால் யார் பேச்சை எடுப்பது என்பதில் ஊருக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம் அவருடைய அண்ணன் மகன் லூதரால் வந்தது. வீடும் புகையிலைக் காடும் அவனுக்கு வரவேண்டியவை. அத்தை செத்தால்தான் வரும். செத்தால் கெசையா போய்விடுவாள். அந்த வட்டாரத்தில் அவளைப் போலச் சமைக்கவும் வெளுக்கவும் ஆள் கிடையாது. நீதிபதி கிரிம்ஷா இரண்டு வாரம் சட்டப் புத்தகங்களைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னார். வீடு, நிலம், மாடுகளைப் பொறுத்தவரை திருமதி பெம்பர்ட்டன் இறந்துவிட்டார். கெசையாவைப் பொறுத்தவரை உயிரோடு இருக்கிறார். நியாயமான தீர்ப்பு என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதாக நீதிமன்றக் குறிப்பு சொல்கிறது. அந்த இரண்டு தரப்பில் கெசையா இல்லை.

லூதர் பெரிய வீட்டுக்குக் குடிவந்தான். செத்தவருக்கு அங்கே இடமில்லை, உயிரோடு இருப்பவருக்குக் கெசையாவிடம்தான் உரிமை. ஆகவே திருமதி பெம்பர்ட்டனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கெசையாவின் குடிசையில் விட்டார்கள். இருந்த ஒரே கட்டிலில் அவர் படுத்தார், கெசையா மண்தரையில் படுத்தாள். பகலெல்லாம் பெரிய வீட்டு வேலை, அது முடிந்தால் இவருக்குப் பணிவிடை. காப்பி ஆற்றிக் கொடுக்க வேண்டும், அவர் குடிக்கமாட்டார், ஆறிவிட்டது என்று திட்டுவார். தலைமுடியை நூறு தடவை வார வேண்டும். முடி வளரவில்லை, குறைந்துகொண்டே வந்தது. ஆள் அழுகவில்லை. வெயிலில் கிடந்த உப்புக்கண்டம் மாதிரி காய்ந்து, வருடத்துக்கு வருடம் எடை குறைந்தார். குரல் மட்டும் குறையவேயில்லை.

முதல் வருடம் கெசையா தேவாலயத்து மேட்டில் ஒரு குழி தோண்டி அவரை இறக்கிப் பார்த்தாள். "தோள் இடிக்குதுடி, இன்னும் கொஞ்சம் அகலமாத் தோண்டு" என்றார் அவர். அன்று மாலை லூதர் அவளுக்குச் சாட்டையால் கொடுத்தான். அதன்பிறகு அவள் குழி தோண்டவில்லை. அக்கரையில் அவள் புருஷன் ஏபெல் இருந்தான். பீப்பாய் செய்து தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டு போனவன். ஞாயிறுதோறும் கரையில் வந்து நின்று சட்டையைக் கழற்றி ஆட்டுவான். நாலு வருடம் ஆட்டினான். ஐந்தாம் வருடம் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெசையா சொன்னாள், கெட்ட வார்த்தையிலேயே சொன்னாள், பிறகு ஆற்றுப்பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். அரை மைல் அகலம்கூட இல்லாத ஆறு அது. எசமானின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோணிக்காரன் எந்தக் கறுப்பரையும் ஏற்றமாட்டான். சீட்டு எழுதித்தர வேண்டியவர் அவள் கட்டிலில் கிடந்தார்.

ஒன்பதாவது வருடம் அக்கரைத் துறையில் ஹேல் என்பவர் கடை போட்டார். வெள்ளி பூசிய தகட்டில் ஆளின் முகத்தை அப்படியே பிடித்துக் கொடுப்பவர். கெசையா ஒருநாள் முடி வாரிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"டாலிவர் அம்மா போய்ப் படம் புடிச்சுக்கிட்டாங்களாம். வெல்வெட்டு வச்ச பெட்டியில போட்டுக் குடுத்தாராம்."

"அந்தக் கோவேறு கழுதை மூஞ்சிக்குப் படமா?"

"அரை நிமிஷம் ஆடாம அசையாம உக்காரணுமாம்மா. அவங்க மூக்கைச் சொறிஞ்சுட்டாங்களாம். படத்துல மூக்கே இல்லையாம்."

"நான் உக்காருவேன்டி. அரை நிமிஷம் என்ன, அரை வருஷம்னாலும் உக்காருவேன். வண்டியக் கொண்டா."

லூதர் குதித்தான். அவளை ஆறு தாண்ட விடக்கூடாது என்று நீதிபதியிடம் ஓடினான். "ஒங்க அத்தை உயிரோட இருக்காங்கன்னு நீதானேப்பா கேட்டு வாங்குன?" என்றார் கிரிம்ஷா. "உயிரோட இருக்கிற ஒரு சீமாட்டி தன் அடிமையக் கூட்டிக்கிட்டுப் போறதை நான் எந்தச் சட்டத்தில தடுக்கிறது?" தன் தீர்ப்பு இத்தனை உறுதியாக நிற்பதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

மே மாதம் ஒரு புதன்கிழமை, கெசையா எசமானிக்குப் பட்டு உடை உடுத்தித் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் துறைக்குத் தள்ளிக்கொண்டுபோனாள். தோணிக்காரன் சீட்டு கேட்டான். "நானே கூட வர்றேன், அப்புறம் என்னடா சீட்டு?" என்றார் திருமதி பெம்பர்ட்டன். அவன் தொப்பியைக் கழற்றி வண்டிக்குக் கைகொடுத்தான். பாதி ஆறுவரை அவர் அவனுடைய துடுப்புப் போடும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். நடு ஆற்றைத் தாண்டியதும் அம்மா தூங்கிட்டாங்களா என்று அவன் கேட்டான். அவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார். கென்டக்கியில் எல்லார் காதிலும் விழுந்த குரல் ஓஹையோத் தண்ணீரில் கெசையாவுக்கு மட்டும்தான் கேட்டது. கெசையா அதை அவனிடம் சொல்லவில்லை.

ஹேல் நல்ல தொழில்காரர். அவரிடம் வருவதில் பாதி இறந்தவர்கள்தான். உயிரோடு இருக்கும்போது படத்துக்குச் செலவழிக்க மனம் வராத குடும்பங்கள் சவப்பெட்டிக்கு முன்னால் மனம் மாறுவது வழக்கம். அவர் திருமதி பெம்பர்ட்டனை நாற்காலியில் சாய்த்து, கழுத்துக்குப் பின்னால் தலைதாங்கிக் கம்பியை வைக்கப்போய், தேவையில்லை என்று எடுத்துவிட்டார். அரை நிமிடம் கழித்துத் தகட்டில் ஒவ்வொரு சுருக்கமும் ஊசிமுனையாய் விழுந்தது. உயிருள்ளவர்கள் இவ்வளவு தெளிவாக விழுவதேயில்லை என்றார். படப்பெட்டிக்குப் பின்னால் ஒட்டும் தாளை எடுத்துப் பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு, தினமும் பத்துப் பேரைக் கேட்பதுபோல, தலை நிமிராமல் கேட்டார்.

"எப்ப தவறினாங்க?"

"பொய்! நான் சாகல! இவ பேச்சைக் கேக்காதே!" என்று கத்தினார் திருமதி பெம்பர்ட்டன்.

ஹேல் பேனாவோடு காத்திருந்தார். ஒன்பது வருடத்தில் கெசையாவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அழுகை வந்தது, அழுதாள். எசமானி போன துக்கம் என்று நினைத்து ஹேல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"நிதானமாச் சொல்லும்மா. தேதி ஞாபகம் இல்லேன்னா மாசம் சொன்னாக்கூடப் போதும்."

"ஞாபகம் இருக்குங்கய்யா" என்றாள் கெசையா. "நாப்பத்தொண்ணாம் வருஷம், மார்ச்சு ஒம்பது. செவ்வாக்கெழம. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவர் எழுதினார். வருடத்தைக் கேட்டு ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார், மறுகேள்வி கேட்கவில்லை. படித்துக் காட்டச் சொன்னாள், படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், படித்தார். நாற்காலியிலிருந்து வந்த கூச்சலில் அவளுக்குப் பாதிதான் கேட்டது. மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னாள்.

படத்தை அவள் வைத்துக்கொண்டாள். வண்டியை எசமானியோடு துறைக்குத் தள்ளிப்போய்த் தோணியில் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் நின்றாள். நடு ஆற்றைத் தாண்டியதும் தோணிக்காரன் திடுக்கிட்டுத் தொப்பியைக் கழற்றுவது கரையிலிருந்து தெரிந்தது. கோடை முடிவதற்குள் லூதர் இரண்டு ஆள்பிடிகாரர்களை அனுப்பினான். கெசையா படத்தை நீட்டினாள். அவர்கள் திருப்பிப் பார்த்தார்கள், வெள்ளைக்காரர் கையெழுத்தில் தேதி இருந்தது, உயிலை ஊரே அறியும். திரும்பிப் போய்விட்டார்கள். ஏபெலின் வீட்டுப்பக்கம் அவள் போகவில்லை. வாடகைக்கு ஓர் அறை பிடித்துக் கட்டில் வாங்கிப் போட்டு, முதல் வாரம் தூக்கம் வராமல் தரையிலேயே படுத்தாள்.

கென்டக்கிக் கரையில் திருமதி பெம்பர்ட்டன் நலமாக இருக்கிறார். தீர்ப்பு மாற்றப்படாததால், கெசையாவைப் பொறுத்தவரை இன்றும் உயிரோடுதான் இருக்கிறார். ஓஹையோ கரையில் அவர் 1841 மார்ச் ஒன்பதாம் தேதி இறந்தவர். இதற்காக இரண்டு கரைக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. கெசையா ஓஹையோ கரையில் குடியிருந்தாள்.