நனையாத காலுறைகள்

குன்சான் நகர மருத்துவமனையில் தாதி கழற்றிக் கொடுத்த, தன் கணவர் பியோங்-சிக்கின் உடைகளை மல்-ரே பையோடு கட்டிலோர அலமாரியில் போட்டு வைத்திருந்தாள். அவருடைய உடைந்த இடுப்பெலும்பில் ஆணி வைத்து, அவர் சாய்ந்து உட்காரத் தொடங்கிய பிறகுதான் அதைப் பிரிக்கத் துணிந்தாள். அவர் விழுந்த அன்று காலை குளியலறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தவள் அவள்தான். ஈரம் காய்வதற்குள் உள்ளே போய் வழுக்கி விழுந்ததாக அவர் சொல்லியிருந்தார். "வயசானவர் இருக்கற வீட்ல இப்படியாம்மா சோப்பைக் கொட்டுவாங்க?" என்று மகள் ஹே-ரிம் கேட்டே விட்டாள். அவருக்காக மாட்டெலும்புச் சாறு கொதிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் மல்-ரேக்குள் கொதித்தது.

ஈரத் துணியின் முடைநாற்றம் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பையைத் திறந்தாள். வரவில்லை. கால்சட்டையில் சோப்புக் கறை இல்லை. கம்பளிக் காலுறைகள் சோப்பு நீர் பட்டுக் காய்ந்த விறைப்பில்லாமல் மெத்தென்று இருந்தன. மோந்து பார்த்தாள். வெறும் கால் வாசனை.

இப்போதுதான் நினைவு வந்தது. அன்று அவர் குளியலறைக்கு வெளியே, தொலைக்காட்சிப் பக்கம் தலை வைத்துக் கிடந்தார். உள்ளே போகும்போது மாட்டிக்கொள்ளும் குளியலறைச் செருப்பு அவள் சாய்த்து வைத்தபடியே சுவரோரம் இருந்தது. கண் பார்த்ததைப் பதற்றத்தில் மனம் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருடம் குடியிருந்த வீட்டில் திறக்காத அறை ஒன்றைக் கண்டதுபோல் இருந்தது.

"ஏங்க, செருப்புப் போடாமயா உள்ள போனீங்க?"

பியோங்-சிக் சாற்றை உறிஞ்சினார். "உப்பு பத்தல."

"காலுறை நனையவே இல்லையே."

பக்கத்துக் கட்டில் கிழவர் சிரித்தார். "விடுங்கம்மா. இந்த வார்டுல எல்லாரும் குளியலறையில விழுந்தவங்கதான். நான் ஏணியில ஏறினது என் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது."

பியோங்-சிக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "டிவில காட்டினான். கண்ணை மூடிட்டு ஒத்தைக் கால்ல எவ்வளவு நேரம் நிக்கறமோ, அதை வச்சு உடம்போட வயசைச் சொல்லலாமாம். முதியோர் மன்றத்துல அந்த சோ கிழவன், இருபது எண்ணற வரைக்கும் நின்னான்."

"நின்னா நிக்கட்டுமே!"

"அவன் என்னைவிட மூத்தவன்."

அப்போது ஹே-ரிம் ஒரு ரப்பர் விரிப்போடு உள்ளே வந்தாள். "அம்மா, இதை இன்னிக்கே குளியலறையில போட்டுடு. இனிமே சோப்பைத் தொடாத."

மல்-ரே விரிப்புக்குக் கை நீட்டவில்லை. காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்று மடித்தபடி கணவரின் முகத்தையே பார்த்தாள். மகள் முன்னால் அவர் ஒருநாளும் தன் தப்பை ஒத்துக்கொண்டதில்லை. சொல்வாரா? பக்கத்துக் கட்டில்காரரும் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"உங்கம்மா போட்ட சோப்பால இல்ல," என்றார் பியோங்-சிக். "நான் ஒத்தைக் கால்ல நின்னேன்."

"என்னப்பா?"

"கண்ணை மூடிட்டு."

ஹே-ரிம் அம்மாவைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் தலை தாழ்ந்தது. விரிப்பைச் சுருட்டிக்கொண்டு, "அம்மா..." என்றாள்.

மல்-ரே அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். நெஞ்சில் கனம் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது.

"எதுவரைக்கும் எண்ணினீங்க?"

"ஆறு," என்றார் பியோங்-சிக். கொஞ்சம் யோசித்தார். "விழறப்போ ஏழும் சொல்லிட்டேன். அதையும் சேர்த்துக்கலாம்."