உப்பிப்போன ரப்பர்

குடிகாட்டு கெமிக்கல் கம்பெனியில் இரவு ஷிப்டை விட்டு நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. காரணம் கேட்டவர்களிடம் தூக்கம் என்றேன். யாரும் நம்பவில்லை. வருஷக்கணக்கில் பகலில் தூங்கியவனுக்குத்தான் அது தூக்கமே இல்லை என்று தெரியும்.

சிதம்பரத்தில் மனைவி ஜான்சியின் வீட்டோடு வந்து தங்கியிருந்தேன். அவளே ஒரு வேலையைக் கண்டுபிடித்துச் சொன்னாள். சிதம்பரத்துக் கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கடலூர் செம்மண்டலத்திலுள்ள லேபில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பகல் வேலை. சொந்த வண்டி வேண்டும். லேப் சூப்பர்வைசர் இளவரசு மறுநாள் காலை வந்து வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வார். கிடைக்காவிட்டால் மறுபடி குடிகாடுதான். அங்கே ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தான்.

என் பைக் பழசு. முன்னால் டிஸ்க் பிரேக். அன்று மதியம் பிரேக் லிவரைப் பிடித்தால் கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது. தள்ளினால் முன்சக்கரம் உருளவில்லை.

"ஸ்டாண்டு போடாமயே நிக்கும்போல மாமா," என்றான் ஜான்சியின் தம்பி அன்பரசு.

உப்புக்காற்றில் லிவரின் போல்ட் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். கழற்றித் தேய்த்துக் கிரீஸ் வைத்தேன். மாற்றமில்லை. பிரேக் பேடுகளைப் பார்த்தேன். தேயவில்லை. கடைசியில், பேடுகளை அழுத்துகிற காலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்தது. சக்கரம் உடனே சுற்றியது. நிப்பிளை முடுக்கி நாலைந்து தடவை லிவரைப் பிடித்ததும் மறுபடி இறுகிக்கொண்டது. அப்படியென்றால் கீழே இறங்கும் ஆயில் மேலே திரும்பவில்லை.

ஹேண்டில்பாரிலிருந்த பிரேக் ஆயில் டப்பா மூடியைக் கழற்றினேன். அடியிலிருந்த ரப்பர் ஊறிய அப்பளம் போல உப்பிக் கிடந்தது. உள்ளே இருக்கிற ரப்பர்களும் இப்படித்தான் உப்பி வழியை அடைத்திருக்கும்.

இதில் எதை ஊற்றினாய் என்று அன்பரசுவைக் கேட்டேன்.

"நீங்க கொண்டாந்ததுதான மாமா. செயினுக்கு ஊத்துனா பளபளன்னு ஆச்சி. ஆயில் டப்பா அழுக்கா இருந்துச்சின்னு இதயும் கழுவுனேன்."

அது கம்பெனி சால்வென்ட், பிசுக்கைக் கரைக்கிற திரவம்; ரப்பரில் பட்டால் உப்பவைத்துவிடும். தண்ணீர் பாட்டிலில் பிடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்து வருவோம். குடிகாட்டில் வேலை பார்க்கிற எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும். பெயின்ட் கறை, தரைப் பிசுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். அவனைத் திட்டப் பிடிக்கவில்லை. ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சிதம்பரத்தில் விசாரித்த எந்தக் கடையிலும் இல்லை.

காலையில் நிப்பிளைத் தளர்த்திச் சக்கரத்தை விடுவித்து, திரும்ப முடுக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்பது அன்பரசுவின் யோசனை. ஒரு ரவுண்டு போய்விட்டுத் திரும்பப்போகிறவர் முன்பிரேக்கை எத்தனை தடவை பிடித்துவிடப் போகிறார் என்றான். விடிந்ததும் அதைத்தான் செய்தேன்.

இளவரசு கனத்த ஆள். டயரை அமுக்கிப் பார்த்தார். வண்டியைத் தள்ளிப் பார்த்தார். உருண்டது. ஏறி ஸ்டார்ட் செய்தார். சில பேருக்கு இரண்டு விரல் எப்போதும் முன்பிரேக் மேலேயே இருக்கும். அவர் அந்த ரகம். நின்ற இடத்திலேயே இரண்டு முறை அழுத்தினார். தெரு முனையில் பஸ் போகிற ரோடு. அன்பரசு என்னைப் பார்க்காமல் நின்றான்.

"சார், முன்பிரேக்கப் புடிக்காதீங்க."

"ஏன்?"

"புடிச்சா விடாது."

இன்ஜினை அணைத்தார்.

"இதச் சொல்றதுக்கு நான் ஏறி ஒக்காரணுமா?"

இறங்கிக் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். இந்த வாரம் பெட்டியைக் கொளஞ்சியப்பன் என்கிற ஆளிடம் கொடுத்துவிடுவதாகவும், வண்டி சரியானால் போன் செய்யும்படியும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் ஒரு ரவுண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்திருப்பார் என்று அன்பரசு முணுமுணுத்தான். வந்திருக்கலாம்.

ரப்பர் செட்டுக்காகக் கடலூர் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது காண்ட்ராக்டர் கூப்பிட்டான். ராத்திரிக்கு ஓர் ஆள் குறைகிறதாம். பார்க்கிறேன் என்றேன். குடிகாட்டில் பஸ் நின்றது. சாப்பாட்டுப் பைகளோடு ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒருவன் படியில் நின்று, எறங்கலையா என்று கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினேன். தைரியம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது.

கடலூரில் பார்ட்ஸ் கடைக்காரர் பழைய மாடல் என்றார். கைவசம் இல்லை, வரவழைக்க நாலு நாள் ஆகும். அதற்குள் கொளஞ்சியப்பனுக்கே அந்த வேலை பழகிவிடலாம். வரவழைக்கச் சொன்னேன்.

வெளியே வந்து காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். இன்றைக்கு வரவில்லை என்றேன். நாளைக்கா என்றான்.

நாளைக்கும் வரவில்லை என்றேன்.